பனிநாளை நிறுத்தியவர்களுக்கு: சுவிஸிலுள்ள எங்கள் தமிழ்ப் பாடசாலை நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

பெப்ரவரி 18ஆம் திகதி சனிக்கிழமை நடந்த கூட்டத்தின் அறிக்கை சென்ற வாரம் என் கைக்குக் கிடைத்தது. அதில் ஏழாவது தீர்மானம் இரண்டே வரி. "பனிச்சறுக்கு நாள் இனி நடத்தப்படமாட்டாது. அதற்கென ஒதுக்கிய 4,200 பிராங்க் ஆண்டு விழாவின் ஒலியமைப்புச் செலவுக்கு மாற்றப்படுகிறது." காரணம் என்ற இடத்தில் இரண்டு சொல்: "பனி இல்லை."

2012இல் தொடங்கியது அந்த நாள். கொரோனாவால் நின்ற இரண்டு குளிர்காலங்கள் தவிர ஆண்டுதோறும் நடந்தது. அதை இரண்டு சொல்லில் முடித்துவிட்டீர்கள்.

நான் அன்று கூட்டத்தில் இல்லை. பராமரிப்பு இல்லத்தில் சனிக்கிழமை வேலை. இருந்திருந்தால் வாயால் சொல்லியிருப்பேன், இப்போது எழுதவேண்டியிருக்கிறது. உங்களுக்கு மட்டும் எழுதாமல் எல்லாப் பெற்றோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்கள் நீங்கள் ஒன்பது பேர். அதைக் கேட்டும் வாய் திறக்காமல் இருக்கிறவர்கள் நாங்கள் மிச்சப் பேர்.

ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் தீர்மானத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

41 பிள்ளைகள், 17 பெரியவர்கள், ஒரு பெரிய பஸ், ஒரு வான். போய் இறங்கிய இடம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரம். பஸ் கதவு திறந்ததும் என் மகன் கேட்டான்: "அம்மா, இது மாடு மேயிற இடமெல்லோ?" புல் பச்சையாக நின்றது. அந்தப் பச்சைக்கு நடுவே, யாரோ வேட்டியை அலம்பி உலரப் போட்டதுபோல மேலிருந்து கீழே ஒரு வெள்ளைக் கீற்று. பதினைந்து மீற்றர் அகலம் வருமோ என்னவோ. அன்று திறந்திருந்த ஒரே பாதை அதுதான். சின்னப் பிள்ளைகள் ஏறிப் பழகும் நகரும் கம்பளத்தை நிறுத்தியிருந்தார்கள்; அதைச் சுற்றிச் சேறு. ஆகவே முதன்முதலாக ஸ்கீ என்ற சறுக்குப் பலகை மாட்டிய ஆறு வயதுப் பிள்ளைகளும், வேகமாக இறங்கும் வெளியூர் இளைஞர்களும் அந்த ஒரே கீற்றில். காலையில் அது கண்ணாடி. பதினொரு மணிக்குக் கஞ்சி.

அந்தக் கஞ்சியில்தான் ஒரு சிறுமி ஓரத்துக்கு ஒதுங்கப்போய்ப் புல்லுக்குள் இறங்கிவிட்டாள். ஸ்கீ புல்லில் நின்றுவிட்டது, பிள்ளை நிற்கவில்லை. மணிக்கட்டு முறிந்தது. மற்றவர்கள் பஸ்ஸுக்குள் இருந்து சோற்றுப் பொதியை அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்கே வீடு திரும்பினோம். சரிவின் மேலே ஆட்களை ஏற்றும் லிஃப்டை நடத்துகிறவர்கள் ஒரு சதமும் திருப்பித் தரவில்லை. ஒரு லிஃப்ட் ஓடினாலும் திறந்திருக்கிறது என்பதுதானாம் அவர்கள் கணக்கு.

இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். தெரிந்த பிறகும் பழியை முழுதாகப் பனியின் தலையில் போட்டீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

டிசம்பர் நடுப்பகுதியில் நாங்கள் இருக்கும் தாழ்ந்த நகரங்களிலேயே பனி விழுந்தது. எங்கள் வட்ஸ்அப் குழுவில் அன்று முழுக்கப் படங்கள் பறந்தன. அந்த மகிழ்ச்சியில் மறுநாளே இடத்தைப் பதிவு செய்தீர்கள், காசைத் திருப்பிக் கேட்கமாட்டோம் என்ற நிபந்தனையோடு, மலிவு விலையில். கிறிஸ்மஸ் நெருங்கியதும் சூடு திரும்பியது. மழை மலைக்கும் ஏறி விழுந்த பனியைக் கழுவிக்கொண்டு போனது. ஜனவரி 1ஆம் திகதி சுவிஸின் வடமேற்கிலுள்ள டெலேமோ நகரில் 20.2 பாகை செல்சியஸ். அல்ப்ஸுக்கு வடக்கே ஜனவரி மாதத்தில் 20 பாகையைத் தாண்டியது அதுவே முதல் தடவை என்று செய்தியில் சொன்னார்கள். நாங்கள் பல்கனியில் குளிர்ச்சட்டை இல்லாமல் இருந்து தேநீர் குடித்தோம்.

ஜனவரி 3ஆம் திகதி செயலாளர் அண்ணைக்கு நான் போன் எடுத்தேன். "அண்ணை, அந்த உயரத்தில இப்ப ஒண்டும் இருக்காது, நாளை மாத்துவம்" என்றேன். "தங்கச்சி, அங்க மெஷின் இருக்குத்தானே. அவங்கள் அடிச்சு வைப்பாங்கள்" என்றார். நானும் அதற்குமேல் பேசவில்லை. என் பிழை அது. தெரிந்துகொண்டும் வாயை மூடியபடி பஸ்ஸில் ஏறினேன்.

அந்த மெஷினைப் பற்றி இப்போது சொல்கிறேன், எங்களில் பலருக்கு அதன்மேல் சாமியைவிடக் கூடுதல் நம்பிக்கை இருப்பதால். பனிப்பீரங்கி பனியைத் தானாக உண்டாக்குவதில்லை. தண்ணீரை மிக நுண்ணிய துளியாகக் காற்றில் வீசும். உறையவைக்க வேண்டியது வெளியில் இருக்கும் குளிர். காற்று உலர்ந்திருந்தால் சுழியத்தை ஒட்டிய குளிரிலும் ஓரளவு வேலை நடக்கும். காற்றில் ஈரம் கூடினால் இன்னும் பல பாகை கீழே போகவேண்டும். சுழியத்துக்கு மேலே அது விலை கூடிய தோட்டக் குழாய், அவ்வளவுதான். தண்ணீரும் கொஞ்சநஞ்சமல்ல: ஒரு ஹெக்டேயர் சரிவுக்கு 30 சென்ரிமீற்றர் பனி போர்த்த ஏறக்குறைய 1,000 கன மீற்றர் தண்ணீர் வேண்டும். இந்த நாட்டின் சறுக்குப் பாதைகளில் பாதிக்கு மேல் இன்று இந்தக் குழாய்களை நம்பி நிற்கின்றன. எங்கள் பயணத்துக்கு முதல் நாள் பேர்ண் மலைப்பகுதியிலுள்ள ஆடெல்போடனில் பனிச்சறுக்கு உலகக் கிண்ணப் போட்டி. சுவிஸ் வீரர் மார்க்கோ ஓடர்மாட் வென்றதைப் பிள்ளைகளோடு தொலைக்காட்சியில் பார்த்தோம். அங்கேயும் பழுப்பு மலையில் ஒரு வெள்ளைக் கோடுதான். ஆனால் உலகக் கிண்ணம் நடத்துகிறவர்களுக்கு ஆள் உண்டு, பணம் உண்டு, அந்த ஒரு கோட்டைக் காப்பாற்ற வாரக்கணக்கில் வேலை செய்ய முடியும். நாங்கள் போன சிற்றூரின் லிஃப்டுக்கு அது முடியுமா? அதே நாட்களில் அந்த மலைப்பகுதியின், ஓபர்லாந்தின், இன்னொரு மூலையில் ஹெலிகொப்டரில் பனி தூக்கி வந்து பாதையை ஒட்டுப்போட்டார்கள். நாடே அவர்களை ஏசியது. (என்னோடு வேலை செய்யும் சுவிஸ் அம்மா ஒருவர் அன்று முழுக்க அதே கதைதான். "பனியைத் தூக்கிவரப் பெற்றோல் எரித்துப் பனியை உருக்குகிறார்கள்" என்று.)

இதில் வேடிக்கை, ஜனவரி நடுப்பகுதி தாண்டியதும் குளிர் திரும்பியது. தாழ்ந்த இடங்களிலும் பனி விழுந்தது. எங்கள் பயணம் முடிந்து பத்து நாளைக்குள் என் பல்கனிக் கம்பியில் வெள்ளை. எட்டாம் திகதிதான் போகவேண்டும் என்று பஞ்சாங்கத்தில் இருந்ததா? பஸ்ஸுக்குக் கட்டிய முற்பணம் சொன்னது, போனோம்.

நான் கிளிநொச்சியில் வளர்ந்தவள். இரணைமடுக் குளத்தின் கீழ் அப்பாவுக்கு மூன்று ஏக்கர் வயல். காலபோகத்துக்கு வானம் இருந்தது. சிறுபோகத்துக்குக் குளம்தான் கதி. மாரி பொய்த்த ஆண்டில் குளத்தில் தண்ணீர் அரைகுறையாக நிற்கும். அப்போது சிறுபோகக் கூட்டம் வைப்பார்கள். அரசாங்க அதிபர் வருவார், நீர்ப்பாசன எஞ்சினியர் வருவார், கமக்காரர் எல்லாரும் போவார்கள். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று முதலில் வாசிப்பார்கள். இத்தனை அடிக்கு இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பங்கு பிரிப்பார்கள். மூன்று ஏக்கர்காரருக்கு முக்கால் ஏக்கர் வந்த ஆண்டும் உண்டு. அப்பா வீட்டுக்கு வந்து அரை நாள் முணுமுணுப்பார். பிறகு அந்த முக்கால் ஏக்கருக்கு மூன்று மாத நெல்லைத் தேடிப் போய்விடுவார். "தண்ணி இல்லை, இனி வெள்ளாண்மையே வேண்டாம், விதைநெல்லை வித்து லவுட்ஸ்பீக்கர் வாங்குவம்" என்று எந்தக் கூட்டத்திலும் எவரும் எழும்பிச் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. உங்கள் குழுவிலும் அந்தக் கூட்டங்களுக்குப் போன குடும்பத்தவர் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

பனி குறைகிறது என்பதை நான் மறுக்கவில்லை. மறுப்பதற்கு நான் மடைச்சி இல்லை. பதினொரு குளிர்காலமாக மலைக்குப் போகிறவளுக்குக் கண் இருக்கிறது. சென்ற 2022 கோடையில் மட்டும் சுவிஸ் பனியாறுகள் தங்கள் பனிக்கட்டியில் ஆறு வீதமளவை இழந்தன. செர்மாற் பனியாற்றில் ஒக்டோபர் இறுதியில் தொடங்கவேண்டிய உலகக் கிண்ணப் போட்டிகள் பனி போதாமல் நின்றுபோயின. தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் நெடுநாளாக ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை குறைந்தது 100 நாள் 30 சென்ரிமீற்றர் பனி, பத்து ஆண்டில் ஏழு ஆண்டாவது இருந்தால் அந்த இடத்தை நம்பலாம். முன்பு 1,200 மீற்றரிலேயே அது கிடைத்தது. இனி 1,500க்குக் கீழே எதிர்பார்க்கவேண்டாம் என்கிறார்கள். நாங்கள் போனது 1,000.

ஆனால் ஒரு மோசமான ஆண்டைப் பார்த்து "முடிந்தது" என்று எழுதுவதும் சரியல்ல. உங்களில் மூத்தவர்கள் இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். 1987இன் இறுதியிலிருந்து 1990வரை மூன்று குளிர்காலம் தொடர்ந்து பனி பொய்த்தது. லிஃப்ட் கம்பனிகள் தள்ளாடின. நீங்கள் அப்போது அகதி முகாமில் இருந்து விசாரணைக் கடிதம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள், மலையில் என்ன நடந்தது என்று கவனித்திருக்கமாட்டீர்கள். அதற்கும் முன்பு, 1964 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் பனி இல்லாமல் ஒஸ்திரிய இராணுவம் மலையிலிருந்து பனியைச் சுமந்து வந்து பாதையில் கொட்டியது. பொய்த்த ஆண்டுகள் அன்றும் இருந்தன. இப்போது அடிக்கடி வருகின்றன, இனியும் வரும். அதற்குத்தான் திட்டம் வேண்டும் என்கிறேன்.

இந்த நாளை ஏன் தொடங்கினோம் என்பதையும் சொல்லவேண்டும். இப்போதைய குழுவில் அன்று இருந்தவர் யாரும் இல்லை.

2011 நவம்பர். மூத்த மகள் சுவிஸ் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. குப்பைப் பையைக் கட்டப்போனபோது நான்காக மடித்த ஒரு கடிதம் கையில் தட்டுப்பட்டது. ஸ்கீலாகர், ஐந்து நாள் பனிமுகாம். வரமுடியாதவர்கள் அந்த வாரம் வேறு வகுப்பில் இருக்கலாம் என்று கீழே ஒரு பெட்டி. அதில் அவளே புள்ளடி போட்டிருந்தாள். அதற்குக் கீழே என் கையெழுத்தை மூன்று தடவை பழகிப் பார்த்திருந்தாள். மூன்றாவது கிட்டத்தட்டச் சரியாக வந்திருந்தது. கேட்டபோது அழவில்லை. "எல்லாருக்கும் ஓடத் தெரியும் அம்மா. நான் மட்டும் குழந்தைப் பிள்ளையளோட கம்பளத்தில நிக்கவேணும்" என்றாள்.

என்னோடு வேலை செய்த ஒருவர் தன் பழைய ஸ்கீயைத் தந்தார். மகளுக்குப் புறொக்கி என்ற பழைய பொருள் கடையில் சப்பாத்தும் ஸ்கீயும் சேர்த்து 45 பிராங்குக்கு எடுத்தோம். நான்கு ஞாயிறு போனோம். எனக்கு 37 வயது. ஸ்கீயின் முன்நுனிகளைச் சேர்த்துப் பின்புறத்தை விரித்து வேகம் குறைப்பதைப் பிள்ளைகளுக்கு "பிட்சா" என்று சொல்லிக் கொடுப்பார்கள். பயிற்றுநர் என்னைப் பார்த்தும் "பிட்சா! பிட்சா!" என்று கத்த, ஐந்து வயதுப் பிள்ளைகள் வரிசையாக என்னைத் தாண்டிப் போனார்கள். விழுந்த கணக்கு எனக்கே தெரியாது. ஜனவரியில் மகள் முகாமுக்குப் போனாள். போகும் பஸ்ஸில் அவள் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது போதும். அந்த மாதமே எங்கள் தமிழ்ப் பாடசாலையின் அப்போதைய அதிபரிடம் போய், "எங்கட பிள்ளையள் எத்தினை பேர் இப்பிடிக் கடிதத்தைக் கிழிச்சுப் போடுகினமோ தெரியாது, வருசத்தில ஒரு நாள் வைப்பம்" என்று கேட்டேன். அவர் அதிகம் கேள்வி கேட்கவில்லை. சரி என்றார்.

அந்த மகள் இன்று அரசின் இளையோர் விளையாட்டுத் திட்டத்தில் தேர்வெழுதித் தகுதி பெற்ற பனிச்சறுக்குப் பயிற்றுநர். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.

கூட்டத்தில் ஒருவர் "எங்கட பண்பாட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்டாராம். நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. பிள்ளைகள் இங்கே வளர்கிறார்கள், இங்குள்ள பள்ளிக்குப் போகிறார்கள், அந்தப் பள்ளி பனிமுகாம் வைக்கிறது. அந்த முகாமில் ஒதுங்கி நிற்கும் பிள்ளை எங்கள் பாடசாலைக்கு வந்து ஆத்திசூடியை மட்டும் ஆசையாகப் படிக்கும் என்று நினைக்கிறீர்களா? எங்கள் பனிச்சறுக்கு நாள் முழுக்கப் பிள்ளைகள் மலையில் தமிழில்தான் கத்துவார்கள். மேலே போகும் லிஃப்டில் இருந்து கீழே நிற்கிறவளைப் பார்த்து "எடியே, கால விரியடி!" என்று ஒருத்தி கத்தியதை நான் கேட்டேன். வகுப்பறையில் அவள் வாயிலிருந்து ஒரு முழு வசனம் வாங்க ஆசிரியர் படும் பாடு எனக்குத் தெரியும்.

செலவு கூடியது என்ற வாதத்தை மட்டும் முழுமனதோடு ஏற்கிறேன். சிறிய இடத்திலேயே பெரியவருக்கு ஒரு நாள் ரிக்கெற் 40, 50 பிராங்க். பெரிய இடங்களில் 80ஐத் தாண்டும். இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் தனியாகப் போனால் மாதச் சந்தைக் காசே போய்விடும். அதனால்தான் கூட்டமாக, கழிவு விலையில் போகும் நாள் தேவைப்படுகிறது. காசுள்ளவர்கள் எப்படியும் போவார்கள். நீங்கள் நிறுத்தியது மற்றவர்களுடைய நாளை.

பனி குறைந்த குளிர்காலத்தைச் சறுக்குகிறவர்கள் எப்படிக் கடக்கிறார்கள் என்பதை இத்தனை ஆண்டில் நான் பார்த்து வைத்திருக்கிறேன். அவர்கள் புலம்புவார்கள், நன்றாகவே புலம்புவார்கள், ஆனால் வீட்டில் இருப்பதில்லை. இடத்தை முற்கூட்டியே முடிவு செய்யமாட்டார்கள். வியாழக்கிழமை மாலை வானிலை அறிக்கையில் சுழியப் பாகைக் கோடு, அதாவது வெப்பநிலை சுழியத்துக்கு இறங்கும் மட்டம், எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். அந்தக் கோட்டுக்கு இருநூறு, முந்நூறு மீற்றர் கீழேவரை மழை பனியாக விழும்; அதற்கும் கீழே தண்ணீர். டாவோஸ் பனி ஆய்வு நிலையம் வெளியிடும் வரைபடத்தில் எங்கே எத்தனை சென்ரிமீற்றர் என்று நிறம் பிரித்துக் காட்டுகிறார்கள், காசு எதுவும் இல்லை. நூறு மீற்றர் ஏற ஏறப் பொதுவாக அரைப் பாகைக்கு மேல் குளிர் கூடும். பள்ளத்தாக்கில் மூடுபனி தேங்கும் நாட்களில் மட்டும் இது தலைகீழ். ஆயிரம் மீற்றர் கூட ஏறினால் ஆறு பாகை. ஜனவரியில் அந்த ஆறு பாகைதான் புல்லுக்கும் பனிக்கும் இடையில் நிற்பது.

காலையில் முதல் லிஃப்டுக்கு நின்று மதியத்தோடு முடித்துக்கொள்வார்கள். இறுகிய செயற்கைப் பனிக்கு ஸ்கீயின் ஓர இரும்பைத் தீட்டி வைத்திருப்பார்கள். வீட்டில் கல்லில் உரசினாலும் மனம் நோகாத பழைய சோடி ஒன்று இருக்கும். அதற்கு ஸ்டைன்ஸ்கீ, கல்லு ஸ்கீ என்றே பெயர். எங்கள் வீட்டில் இருப்பதெல்லாம் அந்த வகைதான், அதனால் எங்களுக்குக் கவலை குறைவு. சரிவில் பனி இல்லையென்றால் சமதளத்தில் ஸ்கீ மாட்டி ஓடும் நீள் ஓட்டத்துக்குப் போவார்கள். டாவோஸில் குளிர்காலப் பனியைக் குவித்து மரத்தூளால் மூடிக் கோடை முழுக்கக் காப்பாற்றி, இலையுதிர் காலத்தில் பிரித்து ஓட்டப் பாதை போடுகிறார்கள். விதைநெல்லை வைக்கோல் கோட்டையில் கட்டி வைத்த எங்களுக்கு இது புதிய யோசனையா?

நானே பெப்ரவரி 5ஆம் திகதி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்ஸ்ட்லிகன்ஆல்ப் போனேன். ஆடெல்போடனுக்கு மேலே, 1,964 மீற்றர். புருட்டிகன்வரை ரயில், பிறகு பஸ், பிறகு கேபிள் கார். மேலே பரந்த சமவெளி, சுற்றிவர மலைச் சுவர், தொடக்கக்காரருக்கு ஏற்ற சரிவுகள். பனி வழமையைவிடக் குறைவுதான். அங்கங்கே கல் தலை நீட்டியது. ஆனாலும் பாதை பாதையாக இருந்தது, பிள்ளைகளின் கன்னம் சிவந்தது. ரயிலில் வரப் பிள்ளைகளுக்கான ஜூனியர் அட்டை 2023இல் ஆண்டுக்கு 30 பிராங்க். அது இருந்தால் பெற்றோரோடு பிள்ளைக்கு வேறு ரிக்கெற் தேவையில்லை. நாங்கள் பஸ்ஸுக்கும் வானுக்கும் கொடுத்த 1,900 பிராங்கை நினைத்துக்கொண்டேன்.

மணிக்கட்டு முறிந்த பிள்ளையின் தாயோடும் பேசினேன். அவருடைய பெயரைச் சொல்லித்தான் கூட்டத்தில் "பெற்றோர் பயப்படுகினம்" என்று வாதிட்டதாக அறிந்தேன். அவர் என்னிடம் சொன்னது: "நிப்பாட்டச் சொல்லி நான் கேக்கேல்லை அக்கா. ஒழுங்காச் செய்யச் சொன்னனான்." அவரிடம் குழு சார்பாக இதுவரை எவரும் நேரில் போய்ப் பேசவில்லை என்பதையும் சொன்னார்.

ஆகவே நான் கேட்பது இவை.

ஏழாவது தீர்மானத்தை மீளப் பெறுங்கள். ஏப்ரல் 1ஆம் திகதி நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுத்து, பெற்றோரிடம் வாக்குக் கேளுங்கள். 4,200 பிராங்கை அதுவரை தொடவேண்டாம். ஒலியமைப்புக்கு வேண்டுமென்றால் தனியாகச் சேர்ப்போம், நானும் தருகிறேன்.

அடுத்த குளிர்காலத்துக்கு ஒரு நாளை அல்ல, இரண்டு நாளைக் குறியுங்கள்: ஜனவரி இறுதியில் ஒன்று, மார்ச் தொடக்கத்தில் ஒன்று. இடம் 1,800 மீற்றருக்கு மேலே இருக்கவேண்டும். போவதா இல்லையா என்பதை வியாழக்கிழமை மாலை அறிக்கையைப் பார்த்து மூன்று பேர் முடிவு செய்யட்டும். அதில் ஒருவராவது ஸ்கீ ஓடத் தெரிந்தவராக இருக்கவேண்டும். காசு திரும்பாத பதிவு எதையும் செய்யவேண்டாம். போக்குவரத்து ரயிலில். இரண்டு நாளும் பனி தராவிட்டால் அந்த ஆண்டு மலை நடை போவோம், அதையும் இப்போதே எழுதி வையுங்கள்.

பழகும் சரிவு தனியாகத் திறந்திருந்தால் மட்டும் தொடக்கக்காரரை அழைத்துப் போங்கள். தலைக்கவசம் இல்லாத பிள்ளை லிஃப்டில் ஏறக்கூடாது. பனி இளகத் தொடங்கியதும் சின்னவர்களுக்கு நிறுத்தம். என் மகளும் அவளோடு தகுதி பெற்ற இரண்டு நண்பர்களும் சம்பளம் இல்லாமல் வந்து நிற்கச் சம்மதித்திருக்கிறார்கள்.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை பாடசாலை மண்டபத்தைத் திறந்து விடுங்கள். பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன சப்பாத்து, ஸ்கீ, குளிர்ச்சட்டை எல்லாவற்றையும் கொண்டுவந்து மாற்றிக்கொள்வோம். எங்கள் நிலவறையில் மட்டும் நான்கு சோடி கிடக்கிறது.

இதற்கெல்லாம் முதல், இந்த மாதத்துக்குள், தலைவரும் செயலாளரும் அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போய் வாருங்கள். மருத்துவச் செலவில் காப்புறுதி கொடுக்காத பங்கைப் பாடசாலை ஏற்கவேண்டும். போகும்போது வெறுங்கையோடு போகவேண்டாம்.

ஏப்ரல் 1ஆம் திகதி எனக்கு வேலை இல்லை. கேட்டு எடுத்திருக்கிறேன்.

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்
5 மார்ச் 2023